பெனிட்டாவும் நான் படிக்காத சட்டமும்

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். வட்டாரக் கல்வி அலுவலராகச் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகாதவர். "மேடம், என் வட்டாரத்துல ஒரு வீட்ல பிள்ளைய ஸ்கூலுக்கே அனுப்பாம வீட்லயே வச்சுப் படிக்க வைக்கிறாங்க. கேஸ் போடலாமா, இல்ல கண்டுக்காம விட்டுறலாமா?" என்று கேட்டார். சாயங்காலம் எழுதி அனுப்புகிறேன் என்றேன். உட்கார்ந்து எழுதினால் ஒரு பக்கத்தில் முடியவில்லை. ஆகவே உங்கள் எல்லோருக்குமாகவே அனுப்புகிறேன். இதே கேள்வி எனக்கு வந்தபோது நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் செய்தது தப்பு. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அப்போது சோழவந்தான் பக்கம் என் வட்டாரத்தில் இருந்தது. ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனு ஒன்று எனக்கு வந்து சேர்ந்தது. அழகான கையெழுத்து. எழுதியவர் மதுரை தல்லாகுளத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், பெயர் தேவசகாயம். புகார் அவருடைய சொந்த மகன் மீதும் மருமகள் மீதும். "என் பேத்தி பெனிட்டாவை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தி வீட்டில் வைத்திருக்கிறார்கள். அவளுடைய எதிர்காலம் பாழாகிறது. அரசு தலையிட வேண்டும்" என்று எழுதியிருந்தார்.

குறைதீர் மனு என்றால் உங்களுக்குத் தெரியும், நாள் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். மறுநாளே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

மகன் ஜெயராஜ் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். மருமகள் எஸ்தர் மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் ஆசிரியையாக இருந்து, மகளுக்காகவே வேலையை விட்டவர். எஸ்தர் என்னை உட்காரச் சொல்லி, பதற்றம் இல்லாமல் பேசினார். மகளுக்குத் திக்குவாய். படித்த தனியார் பள்ளியில் தினமும் அவளை எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பு சிரித்திருக்கிறது. காலையில் யூனிபார்மைப் பார்த்தாலே வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். கடைசி மூன்று மாதம் பள்ளியில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

இதெல்லாம் என் காதில் விழுந்தது, ஆனால் நான் கேட்கவில்லை. என் மடியில் மனு இருந்தது. அதற்கு ஒரு பதில் வேண்டும், அவ்வளவுதான்.

"இங்க பாருங்கம்மா, இது கட்டாயக் கல்விச் சட்டம். ஒரு வாரத்துல பிள்ளைய ஸ்கூல்ல சேக்கலேன்னா உங்க ரெண்டு பேர் மேலயும் கேஸ் வரும். ஜெயிலுக்குக்கூடப் போக வேண்டியிருக்கும்" என்றேன்.

எஸ்தர் கொஞ்சம் யோசித்தார். "அது எந்தப் பிரிவுல மேடம் இருக்கு? நானும் அந்தச் சட்டத்தப் படிச்சுப் பாத்தேன். பெத்தவங்களுக்குத் தண்டனைன்னு எனக்குக் கண்ணுல படலையே."

அவர் ஏட்டிக்குப் போட்டியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கோ சுருக்கென்று கோபம் வந்தது. காரணம் எளிது, அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. இருபத்தெட்டு வருடம் இந்தத் துறையில் இருந்தவள், அந்தச் சட்டத்தை ஒருமுறைகூட முழுதாகப் படித்ததில்லை. பயிற்சி வகுப்பில் சொன்னதையும் சுற்றறிக்கையில் வந்ததையும் வைத்தே காலம் ஓட்டியிருந்தேன்.

"எனக்கே சட்டம் சொல்லித் தர்றீங்களா?" என்று குரலை உயர்த்தினேன்.

ஜெயராஜ் பயந்துவிட்டார். "விடு எஸ்தர். மேடம், சேத்துவிட்டுர்றோம். கேஸு கீஸுன்னு வேண்டாம்" என்றார். கதவுக்குப் பின்னால் ஒரு சிறுமி நின்றிருந்ததைப் போகும்போதுதான் பார்த்தேன். அப்படியே வண்டியை எடுத்தேன்.

அந்த வாரமே உள்ளூர் நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் பெனிட்டாவைச் சேர்த்தார்கள். 'மாணவி பள்ளியில் சேர்க்கப்பட்டார். மனு முடித்துவைக்கப்படுகிறது' என்று பதில் அனுப்பினேன். பள்ளி செல்லாக் குழந்தைகள் பட்டியலில் என் வட்டாரத்துக்குப் பூஜ்யம் என்று எழுதியபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பதினோராவது நாள் அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை கூப்பிட்டார். நல்ல மனுஷி, சும்மா போன் செய்கிறவர் இல்லை.

"மேடம், அந்தப் பாப்பா இன்னைக்கு பிரேயர்ல மயங்கி விழுந்துருச்சு. காலையிலயும் சாப்பிடுறதில்லையாம், மதியமும் தட்டத் தொடுறதில்ல. நாங்க யாரும் ஒரு சொல்லு கடுமையாப் பேசல மேடம். வாசிக்கச் சொல்லல, எந்திரிக்கச் சொல்லல. ஆனாலும் வகுப்புக்குள்ள வந்ததும் கதவையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. எனக்குப் பாக்க முடியல."

போனேன். ஆபீஸ் அறையில் பெஞ்சில் அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்தில் எஸ்தர். என்னைப் பார்த்ததும் பெனிட்டா எழுந்து உட்கார்ந்து, சட்டை பட்டனைச் சரிசெய்து, புத்தகப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அம்மாவை நான் ஜெயிலுக்கு அனுப்பிவிடுவேன் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். பதினோரு நாளும் அவளைப் பள்ளிக்கு நடத்தி வந்தது அந்தப் பயம்தான். இதை எஸ்தர் சொல்லவில்லை. அந்தப் பையை அவள் பிடித்திருந்த பிடியிலேயே தெரிந்தது.

"இன்னைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆபீசுக்குத் திரும்பினேன். பீரோவில் மேல்தட்டில் அந்தச் சட்டப் புத்தகம் இருந்தது. மெல்லிய புத்தகம். ஒரு மதிய நேரத்தில் படித்து முடிக்கிற அளவுதான். முடித்தேன். எஸ்தர் சொன்னது சரி.

சந்தேகம் தீராமல், தல்லாகுளத்தில் குடியிருந்த ஒரு பெண் வழக்கறிஞரைப் பார்க்கப் போனேன். என்னைவிடப் பத்து வயது இளையவர். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார். "இந்தப் பக்கம் சட்டம் சொன்னது. அந்தப் பக்கம் சட்டம் சொல்லாதது. ரெண்டையும் நீங்களே எழுதுங்க மேடம்" என்றார்.

எழுதினேன். ஆறு வயதிலிருந்து பதினாலு வயது வரை கல்வி பிள்ளையின் உரிமை. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை. நடுவில் எந்த வயதில் வந்தாலும் அந்த வயதுக்குரிய வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாற்றுச் சான்றிதழ் இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. இது ஒரு பக்கம். மறுபக்கம், வீட்டுக் கல்வி என்ற சொல்லே இல்லை. அனுமதி என்றும் இல்லை, குற்றம் என்றும் இல்லை. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று ஒரு வரியும் இல்லை. மாநிலத்தின் பழைய சட்டத்தையும் விதிகளையும் சேர்த்துப் படிக்கச் சொன்னார். அதையும் படித்தேன். நான் அன்று அந்த வீட்டில் உட்கார்ந்து மிரட்டிய ஜெயில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

"அப்ப நான் என்ன பண்ணணும்?" என்றேன்.

"சட்டம் பேசாம விட்ட எடத்துல நீங்க பேசுனா, அது சட்டம் இல்ல மேடம், நீங்கதான். அந்த எடத்துல பிள்ளைக்கு எது நல்லதுன்னு நேர்ல போய்ப் பாக்குறதத் தவிர வேற வழி இல்ல."

மறுநாள் சோழவந்தான் போனேன். இந்த முறை போன் செய்து கேட்டுவிட்டுப் போனேன். எஸ்தரிடம், "நான் சொன்னது தப்பு. அப்படி ஒரு பிரிவு இல்ல. படிக்காமச் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க" என்றேன். பணியில் இருந்த காலத்தில் ஒரு பெற்றோரிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

எஸ்தர் உருகிவிடவில்லை. "நீங்க மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிருவீங்க மேடம். ஆறு மாசமாக் கொஞ்சம் கொஞ்சமாப் பேச வச்சிருந்தேன். அம்புட்டும் பதினோரு நாள்ல போச்சு. இனி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்" என்றார்.

பிறகு அவரே, "எப்படிப் படிக்கிறான்னு பாக்கணுமா? வாங்க" என்று கொடிக்காலுக்குக் கூட்டிப் போனார். அகத்தி மரங்களில் வெற்றிலைக் கொடிகள் ஏறி, உள்ளே பச்சையாய் இருட்டிக் கிடந்தது. ஓரமாக நின்றோம். உள்ளே எங்கோ பெனிட்டா நடந்துகொண்டே சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். ஆறாம் வகுப்பு அறிவியல் பாடம். அவள் முகம் தெரியவில்லை. நாங்கள் நிற்பதும் அவளுக்குத் தெரியாது. சில இடங்களில் நின்றது குரல். நின்ற சொல்லை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவவில்லை. அதே சொல்லை மறுபடி எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தது. "யாரும் பாக்காத எடத்துல வாசிக்கிறா. ஒரு வரிசை முடிஞ்சா ஒரு பக்கம் முடிஞ்சிருக்கும்" என்றார் எஸ்தர், மெல்ல.

பிறகு அவள் நோட்டுகளைப் பார்த்தேன். தேதி போட்டு, தவறைத் திருத்தி, திருத்தியதை மறுபடி செய்யவைத்து, ஒவ்வொரு பாடமும் ஒழுங்காக இருந்தது. என் வட்டாரத்தில் எத்தனையோ பள்ளிகளில் நான் பார்க்காத ஒழுங்கு.

சரி, இனிமேல்தான் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டிய இடம் வருகிறது.

பெனிட்டாவின் பெயர் இப்போது பள்ளி வருகைப் பதிவேட்டில் இருந்தது. பிள்ளை வீட்டில் இருந்தது. அந்தத் தலைமை ஆசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "மேடம், பேர் அப்படியே இருக்கட்டும். நான் வருகை போட்டுக்கிறேன். பரீட்சைக்கு மட்டும் வந்துட்டுப் போகட்டும். எட்டாவது முடிச்சதும் சர்டிபிகேட் குடுத்துருவோம். யாருக்குத் தெரியப் போகுது?"

இரக்கத்தில் சொன்னார். நினைத்துப் பாருங்கள், எல்லோருக்கும் நல்லது. பிள்ளைக்கு நிம்மதி, தாத்தாவுக்குச் சான்றிதழ், எனக்குப் பூஜ்யம். இரண்டு நாள் யோசித்தேன். ஒத்துக்கொள்ளலாம் என்றே முடிவும் செய்துவிட்டேன். மூன்றாம் நாள் காலை பஸ்ஸ்டாப்பில் நிற்கும்போது, அந்த ஏற்பாடு வெளியே வந்தால் யார் யார் மாட்டுவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். தலைமை ஆசிரியைக்கு வேலை போகும். எனக்கும் போகலாம். அதைவிட, பெனிட்டா உண்மையாகவே படித்த படிப்பு பொய்ப் பதிவேட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். யாராவது ஒருவர் மனு போட்டால் போதும், அவளே ஏமாற்றியவளாகிவிடுவாள்.

தலைமை ஆசிரியையிடம் வேண்டாம், பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொண்டு பெயரை நீக்கிவிடுங்கள் என்றேன். முடித்துவைத்த மனுவைத் திறந்து, நான் முன்பு அனுப்பிய பதில் தவறானது என்று எழுதினேன். மாணவி உடல்நிலை, மனநிலை காரணமாகப் பள்ளிக்கு வர இயலவில்லை. ஆசிரியப் பயிற்சி பெற்ற தாயால் வீட்டில் கற்பிக்கப்படுகிறார். கற்றலை நேரில் ஆய்வு செய்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு செய்வேன். எப்போது விரும்பினாலும் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்கப்படுவார். இவ்வளவுதான்.

மாவட்ட அலுவலகத்திலிருந்து இரண்டே நாளில் அழைப்பு வந்தது. "பூஜ்யம்னு குடுத்துட்டு இப்ப ஒண்ணுங்கிறீங்க. மேல என்ன பதில் சொல்றது நான்?" என்றார் அதிகாரி. அடுத்து விளக்கம் கேட்டுக் குறிப்பாணை. என் பணிக்காலத்தில் வாங்கிய ஒரே குறிப்பாணை அது. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. வழக்கறிஞர் போட்ட கோட்டை அப்படியே வைத்து, சட்டம் சொன்னதும் சொல்லாததும், நான் பார்த்ததும் பார்க்காமல் முதலில் எழுதியதும் என்று நாலு பக்கம் பதில் கொடுத்தேன். அதிகாரி என்னை எதிரில் நிற்கவைத்தே படித்தார். முடித்துவிட்டு, "அந்தப் பிள்ளை நெஜமாவே படிக்குதா?" என்றார். "படிக்குது சார், நானே காதால கேட்டேன்" என்றேன். கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

விஷயம் பரவியது. இன்னொரு ஊரில் ஒரு தகப்பனார், ஏழாம் வகுப்பு மகளை நிறுத்திவிட்டு, "சோழவந்தான்ல விட்டீங்கல்ல மேடம், நாங்களும் வீட்லதான் படிக்க வைக்கிறோம்" என்றார். நோட்டைக் கேட்டேன். கடைசியாக எழுதிய தேதி ஒரு வருடத்துக்கு முந்தையது. இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தையோடு நின்றாள் அந்த மகள். "இவ அக்கா குழந்தைய யாரு பாக்குறது?" என்றார் தகப்பனார். ஜெயிலைச் சொல்லி மிரட்டவில்லை. அங்கன்வாடி எங்கே இருக்கிறது என்று காட்டி, மூன்று தடவை போய்ப் பேசி, அவளைப் பள்ளியில் உட்காரவைத்தேன். இரண்டு வீட்டுக்கும் சட்டம் ஒன்றுதான். உள்ளே போய் நோட்டைப் புரட்டாமல் வாசலிலேயே நின்றிருந்தால் இரண்டும் எனக்கு ஒரே மாதிரி தெரிந்திருக்கும்.

தாத்தா விஷயத்துக்கு வருகிறேன். நான் மனுவைத் திறந்தது தெரிந்ததும் தேவசகாயம் சார் ஆபீசுக்கே வந்துவிட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் பை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நான் யாரையும் தண்டிக்கச் சொல்லலம்மா. நாளைக்கு ஒரு வேலைக்கு, ஒரு காலேஜுக்குப் போனா, சர்டிபிகேட் எங்கன்னு கேப்பான். எங்கம்மா நல்லாச் சொல்லிக் குடுத்தாங்கன்னு சொன்னா விட்டுருவானா? எனக்கு வேற என்ன பயம்?"

அவர் கேட்டது நியாயம். அதுவரை அந்தக் குடும்பத்தில் யாரும் அவருக்குப் பதில் சொல்லவில்லை, சண்டைதான் போட்டிருக்கிறார்கள். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எட்டாம் வகுப்பை, பள்ளியில் சேராமலேயே, தனித்தேர்வராக எழுதலாம். அதற்கு ஒரு குறைந்தபட்ச வயது உண்டு. பிறகு பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராகவே எழுதலாம். திறந்தநிலைப் பள்ளி என்று இன்னொரு வழியும் உண்டு. பிறப்புச் சான்றிதழும் ஐந்தாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழும் பத்திரமாக வேண்டும். பழைய பள்ளி மாற்றுச் சான்றிதழ் தரத் தாமதித்தால் என்னிடம் வரலாம்.

படித்தார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, நான் விட்டிருந்த ஒரு ஒற்றெழுத்தைப் போட்டார். "மத்ததெல்லாம் சரியா இருக்கு" என்று சொல்லித் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அப்ப நான் வாரேம்மா" என்று கிளம்பினார்.

அன்றிலிருந்து அவர்தான் பெனிட்டாவின் ஆபீஸ். பிளாஸ்டிக் உறைகளில் ஒவ்வொரு சான்றிதழும் மூன்று நகல். தேர்வு அறிவிப்பு வருகிறதா என்று தினமும் நாளிதழில் ஒரு வரி விடாமல் பார்ப்பார். மகனும் மருமகளும் அவரோடு சரியாகப் பேசாத நாட்களில்கூட அறிவிப்பு மட்டும் வீடு போய்ச் சேர்ந்துவிடும். எட்டாம் வகுப்பை பெனிட்டா எழுதித் தேறினாள். நான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போனேன். இரண்டாம் வருடத்திலிருந்து எஸ்தர் எனக்குக் காபி கொடுத்தார். நாலாவது ஆய்வில் பெனிட்டாவே வந்து என் எதிரில் உட்கார்ந்து, நான் கேட்காமலேயே ஒரு கணக்கை விளக்கினாள். இடையிடையே குரல் நின்றது. காத்திருந்தேன். அதற்குள் காத்திருக்கப் பழகியிருந்தேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் காலை பத்து மணிக்கு தேவசகாயம் சாரிடமிருந்து போன். மூச்சு வாங்கியது. "அம்மா, பத்தாம் வகுப்புத் தனித்தேர்வர் அறிவியல் செய்முறைக்குத் தனியாப் பேர் பதியணுமாமே? பதிஞ்சு, குறிச்ச ஸ்கூல்ல போய் வகுப்புல உக்காரணுமாம். இன்னைக்குக் கடைசி நாள்!"

அது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால், நான் எழுதிக் கொடுத்த தாளிலும் அது இல்லை. என் இரண்டாவது தவறு. அன்று விட்டால் அந்த வருடம் போய்விடும். "நீங்க சோழவந்தான் போங்கய்யா, நான் இங்க மாவட்டக் கல்வி ஆபீஸ்ல நிக்கிறேன்" என்றேன். எழுபத்தாறு வயது மனிதர் சோழவந்தான் பஸ்ஸைப் பிடித்துப் போய், பேத்தியிடம் கையெழுத்தும் போட்டோவும் வாங்கி, மகனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து மதுரைக்கு வந்து சேர்ந்தார். மாலை நாலே முக்காலுக்கு விண்ணப்பத்தைக் கொடுத்தோம். அப்பாவும் மகனும் அன்று கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்ததை நான் பார்த்தேன். ஜெயராஜ் தன் தட்டில் இருந்த வடையை எடுத்து அவர் தட்டில் வைத்தார்.

பரீட்சை எழுதப் போனதை விட்டால், செய்முறை வகுப்புக்காகத்தான் பெனிட்டா ஐந்து வருடம் கழித்து ஒரு பள்ளிக்குள் போனாள். முதல் நாள் எஸ்தர் பள்ளி கேட்டுக்கு வெளியே மூன்று மணி நேரம் நின்றிருந்தார். வகுப்பில் எல்லோரும் தனித்தேர்வர்கள். தையல் கம்பெனியில் வேலை பார்க்கிற அக்கா, கல்யாணமாகிப் படிப்பை விட்டவர், இரண்டு முறை தவறியவர். ஒருவரை ஒருவர் கேலி செய்ய யாருக்கும் நேரமில்லை. சோதனைக் குழாயை யார் பிடிப்பது என்று சண்டை வந்தபோது பெனிட்டா, "நா... நான் பிடிக்கிறேன்" என்றாளாம். வீட்டுக்கு வந்து அதை மூன்று முறை சொன்னதாக எஸ்தர் சொன்னார்.

போனில் கேட்ட தம்பிக்கு என் பதில்: கேஸும் வேண்டாம், கண்டுகொள்ளாமல் விடவும் வேண்டாம். சட்டத்தை நீங்களே படியுங்கள், அந்தந்த வருடத்துத் தேர்வு அறிவிப்பையும் படியுங்கள், விதிகள் மாறும். பிறகு அந்த வீட்டுக்குப் போய், நோட்டைப் பார்த்து, பிள்ளையோடு அரை நாள் உட்காருங்கள். பார்த்ததை அப்படியே எழுதுங்கள். சான்றிதழுக்கான வழியைப் பெற்றோர் கையில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். செய்முறைப் பதிவை மறக்காதீர்கள்.

பெனிட்டா பத்தாம் வகுப்பில் தேறினாள். பிளஸ் ஒன் பள்ளியில்தான் படிப்பேன் என்று அவளே முடிவெடுத்தாள். இந்தத் தடவை தயங்கியது எஸ்தர்தான். சேர்க்கை நாளன்று குடும்பமே வந்திருந்தது, என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் தாத்தாவின் பிளாஸ்டிக் உறைகளைப் புரட்டினார்.

"ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் எந்த ஸ்கூலும் இல்லையே. ஏம்மா இத்தன நாளாப் போகல?"

தாத்தா, எஸ்தர், ஜெயராஜ், நான், நாலு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம். பெனிட்டா கையைத் தூக்கி எங்களை நிறுத்தினாள்.

"பி... பிடிக்கல சார். வீட்ல படிச்சேன். இப்பப் பிடிச்சிருக்கு."

அவர் உறைகளை மூடித் தாத்தாவிடம் நகர்த்தினார். பிறகு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு, "சரி, மாடில ரெண்டாவது ரூம். போ" என்றார். நாங்கள் நாற்காலியை விட்டு எழுவதற்குள் அவள் பாதிப் படி ஏறியிருந்தாள்.